ஹூஸ்டன் பழைய இரும்புக் களங்கள்: திறந்தவெளி கேஸ் கட்டிங், வெல்டிங் புகையும் நாற்றமும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன், எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் தொழிற்சாலை என்று பிரித்து வைக்கும் நிலப் பயன்பாட்டுச் சட்டம் இல்லாத பெருநகரம். 1948, 1962, 1993 என மூன்று முறை அதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மூன்று முறையும் தோற்றுப்போனது. அதனால் பழைய இரும்பு வாங்கி வெட்டி விற்கும் களமும் குடியிருப்பும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்வது அங்கே சாதாரணம். அப்படி வேலியோரம் வாழ்பவர்கள் பெரும்பாலும் வருமானம் குறைந்த கறுப்பினக் குடும்பங்களும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும்.

அவர்கள் நகர சுகாதாரத் துறைக்குத் தொடர்ந்து புகார் சொல்லிவந்தார்கள். புகை வருகிறது, தூசு படிகிறது, நாற்றம் தாங்கவில்லை. இப்படிப்பட்ட புகாரை எந்த ஊரிலும் 'தொந்தரவு' என்ற கணக்கில்தான் எழுதுவார்கள். டெக்சாஸ் மாநிலக் காற்று விதிகளிலும் 101.4 என்ற பிரிவு தொந்தரவுக்கென்றே இருக்கிறது: ஒருவர் தன் வீட்டையும் நிலத்தையும் இயல்பாக அனுபவிக்க முடியாதபடி காற்றை மாசுபடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் புகார் வந்து, ஆள் கிளம்பி, களத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த வெட்டு முடிந்திருக்கும். புகையும் போயிருக்கும்.

சுகாதாரத் துறை ஒரு நல்ல காரியம் செய்தது. வேலிக்கு வெளியே காற்று மாதிரி எடுக்கும் கருவிகளை வைத்து, பிடித்த துகள்களில் என்னென்ன உலோகங்கள் இருக்கின்றன என்று பார்த்தது. ஐந்து களங்களைப் பற்றிய அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. அந்தக் காற்றை ஆயுள் முழுதும் சுவாசித்தால் கூடுதலாக ஏற்படக்கூடிய புற்றுநோய் வாய்ப்பு, களத்துக்குக் களம், பத்து லட்சம் பேரில் ஒருவர் என்பதில் தொடங்கிப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேர் என்பது வரை போனது. பத்தாயிரத்தில் ஒருவர் என்பதையே மேல் எல்லையாக வைத்துப் பேசுவது அந்நாட்டு வழக்கம். கவலைக்குரிய முதல் உலோகமாக நின்றது ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியம்-6. சுவாசித்தால் புற்றுநோய் தரக்கூடிய குரோமிய வடிவம் அது.

இந்த நிகழ்வில் என்னை உலுக்குவது இதுதான். அதுவரை இந்தக் களங்கள் வெளியிடும் மாசு சொற்பம் என்ற ஊகத்தில் யாரும் பெரிதாகக் கண்காணிக்கவில்லை. கருவி வைக்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தது அக்கம்பக்கத்தவர்களின் மூக்கு.

வெட்டும் இடத்தில் நடப்பது

கேஸ் கட்டிங்கில் இரும்பு உருகுவதைவிட எரிவதுதான் அதிகம். அசிட்டிலீன் அல்லது புரொப்பேன் சுடரால் தகட்டின் விளிம்பை ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சூடாக்கி, கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் தெரிந்ததும் லீவரை அழுத்தினால் நடுத்துளை வழியே சுத்தமான ஆக்சிஜன் பாய்கிறது. இரும்பு அந்த ஆக்சிஜனில் எரிந்து ஆக்சைடாகிக் கீழே ஸ்லாக்காக, அதாவது உருகிய கசடாக, கொட்டுகிறது. கொதித்து ஆவியாகும் ஒரு சிறு பங்கு காற்றில் உடனே உறைந்து, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகளாக மேலே போகிறது. நாம் காணும் பழுப்புப் புகை அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் கனத் தகட்டில் 2 மில்லி அகலத்துக்கு வெட்டு விழுகிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் வெட்டினால் ஏறக்குறைய 190 கிராம் இரும்பு அந்த இடத்தை விட்டுப் போகிறது. பெரும்பங்கு ஸ்லாக். அதே தகட்டின் இரு முகங்களிலும் 0.3 மில்லி கனத்துக்குப் பெயிண்ட் இருந்து, வெட்டின் இருபுறமும் 25 மில்லி வரை கருகினால், ஒரு மீட்டருக்கு 30 கன சென்டிமீட்டர் பெயிண்ட் எரிகிறது. பழைய கப்பல் தகடு, பாலத் தூண், புல்டோசர் கை போன்றவற்றில் பெயிண்ட் இதைவிடக் கனமாக, பல பூச்சுகளாக இருக்கும்.

நாற்றம் வருவது முக்கியமாக இந்த 30 கன சென்டிமீட்டரிலிருந்துதான். இரும்பு ஆக்சைடுக்குப் பெரிய வாடை கிடையாது. எப்பாக்சி, ஆல்கிட், பாலியூரித்தேன் பூச்சுகளும் கிரீஸும் எண்ணெயும் ரப்பர் புஷ்ஷும் வயர் மேலுள்ள பிவிசியும் எரிந்தால்தான் தொண்டையைக் கரிக்கும் வாடை எழுகிறது. அதில் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் வாயுக்கள் உண்டு. பாலியூரித்தேன் என்றால் ஐசோசயனேட்டும், பிவிசி என்றால் ஹைட்ரஜன் குளோரைடும் சேரும். பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால் அது வாடையே இல்லாமல் கூடவே வரும்.

குரோமியம்-6 எங்கிருந்து வருகிறது? இரண்டு வழி. ஒன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியம். சாதாரண கேஸ் டார்ச்சால் அதை ஒழுங்காக வெட்ட முடியாது. மேலே உருவாகும் குரோமியம் ஆக்சைடு எளிதில் உருகாமல் ஆக்சிஜனைத் தடுக்கும். மின்சாரத்தால் மிகவும் சூடான வாயுவைப் பாய்ச்சும் பிளாஸ்மாவில் வெட்டலாம், ஆக்சிஜன் குழாய் வைத்து உருக்கியே பிளக்கலாம். எப்படிச் செய்தாலும் அந்த வெப்பத்தில் குரோமியத்தின் ஒரு பகுதி ஆறு இணைதிறனுக்கு ஏறிவிடுகிறது. இரண்டாவது வழி, பூச்சு: துத்தநாகக் குரோமேட் பிரைமர், ஈயக் குரோமேட் மஞ்சள் பெயிண்ட். பழைய மஞ்சள் நிறக் கட்டுமான இயந்திரம் களத்துக்குள் வந்தால் அதைத் தனியே சந்தேகப்படுவது நல்லது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகம் 2006-ல் வேலையிடக் காற்றுக்கு வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலம் பயன்படுத்திய கணக்குப்படி, அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கான ஒரு நானோகிராமை ஆயுள் முழுதும் சுவாசித்தாலே பத்து லட்சத்தில் 12 பேருக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பை வைத்துக்கொண்டு, 24 மணி நேரமும் அங்கேயே வாழும் குழந்தைக்குச் 'சட்டப்படி சரி' என்று பதில் சொல்ல முடியாது.

மாங்கனீசையும் மறக்கக் கூடாது. ரயில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துத் துண்டுகள், கல் உடைக்கும் இயந்திரத் தாடைகள் போன்றவற்றுக்குப் பயன்படும் உருக்கில் 11 முதல் 14 சதவீதம் வரை மாங்கனீஸ் இருக்கும். அது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது.

வெல்டிங்கில் ஒரு சிக்கல்

வெல்டிங் வேலையைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோனதும் புகை கூடுவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டப்படும் முறை), டிக் வெல்டிங் (உருகாத டங்ஸ்டன் முனையால் செய்வது) இரண்டுக்கும், வெல்டைக் காற்று தொடாமல் மூடும் காப்பு வாயு வேண்டும். காற்றடித்தால் வாயு கலைந்து, வெல்டில் துளை துளையாக வரும். ஆகவே வெளியே வேலை என்றால் ராடு வெல்டிங்குக்கோ, உள்ளே காப்புப் பொடி நிறைத்த, வாயு தேவைப்படாத ஃப்ளக்ஸ் கம்பிக்கோ போகிறார்கள். இந்த இரண்டும் திட மிக் கம்பியைவிடவும் டிக்கைவிடவும் அதிகம் புகைபவை. வெளியே காற்றோட்டம் இருக்கிறது என்று ஆறுதல் அடையும் அதே இடத்தில் புகையின் அளவும் ஏறியிருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? மூன்று பக்கம் தடுப்பு வைத்துக் காற்றை மறைத்தால் மிக்கிலேயே செய்ய முடிகிற வேலை நிறைய. ராடுதான் என்றால் தேவைக்கு மேல் ஆம்பியர் ஏற்றாமல், ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்து, ஈரம் ஏறாத ராடை வைத்து ஓட்டினால் புகை கண்ணுக்குத் தெரியவே குறையும். கால்வனைஸ் குழாயாக இருந்தால் வெல்ட் விழும் இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பு உருகவே 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் வெள்ளைப் புகை முதலில் கிளம்பும். அதை இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகு, குளிர் நடுக்கமும் வாயில் உலோகச் சுவையும் வரும். மறுநாள் சரியாகிவிடுவதால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை அமெரிக்க வெல்டர்களிடமும் உண்டு, நம் பட்டறைகளிலும் உண்டு. நுரையீரலுக்குப் போன துகளைப் பால் எடுக்காது.

பலரும் முதலில் வாங்குவதும் அது ஏன் போதாது என்பதும்

புகார் வந்ததும் களத்துக்காரர் மனதில் முதலில் தோன்றுவது உறிஞ்சும் இயந்திரமோ நீர்த்தூவியோ. இரண்டையும் திறந்தவெளியில் வைத்து எண்களோடு பார்க்க வேண்டும்.

200 மில்லி விட்டமுள்ள உறிஞ்சுகுழாய், மணிக்கு 1,200 கன மீட்டர் காற்றை இழுக்கிறது என்று கொள்வோம். நல்ல இயந்திரம்தான். குழாய் வாயிலிருந்து 200 மில்லி தள்ளி அந்த இழுவையின் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். 400 மில்லி தள்ளினால் 0.2 மீட்டர். வெல்டிங் புகையைப் பிடிக்க, அசையாத காற்றிலேயே 0.5 மீட்டராவது வேண்டும். வெளியில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினாலே அது விநாடிக்கு 2.8 மீட்டர். புகை குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதோடு டார்ச் பிடித்தவர் தகட்டின் நீளத்துக்கு நகர்ந்துகொண்டே இருப்பார். குழாயை யார் நகர்த்துவது?

நீர்த்தூவி, அதாவது பனிபோல் நீரைப் பீய்ச்சும் பீரங்கி, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். லாரி ஓடிக் கிளப்பும் மண்ணுக்கும், துரு உதிர்வுக்கும் அது உண்மையிலேயே உதவும். ஆனால் ஒரு மைக்ரானுக்குக் கீழான துகள், பெரிய நீர்த்துளியை நெருங்கும்போது துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு சேர்ந்து வளைந்து போய்விடுகிறது. மோதினால்தானே ஒட்டும். வேலி தாண்டிப் போகும் பழுப்புப் புகையை நீர்த்தூவி நிறம் மங்கச் செய்யலாம். உலோகத்தைக் கீழே இறக்கிவிட்டதாக நம்பக் கூடாது. எரியும் தகட்டில் நேரடியாக நீர் அடிப்பதும் ஆபத்து.

வாசனை திரவம் தெளித்து நாற்றத்தை மூடும் கருவிகளும் விற்கின்றன. இந்த விஷயத்தில் அதைவிடத் தவறான செலவு இருக்க முடியாது. ஹூஸ்டனில் ஆபத்தைக் கண்டுபிடிக்க வழி காட்டியதே அந்த நாற்றம்தான். அதை மூடியிருந்தால் குரோமியம் அப்படியே காற்றில் போய்க்கொண்டிருந்திருக்கும், யாரும் கருவி வைத்திருக்க மாட்டார்கள்.

வேலை செய்யும் வழிகள், நான் வைக்கும் வரிசையில்

டார்ச்சைப் பற்றவைப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். களத்துக்குள் லாரி வந்து சரக்கு இறங்கும் இடத்தில் பிரிப்பவர் ஒருவர் நிற்கிறார். அவரிடம் ஒரு காந்தமும், முடிந்தால் உலோகக் கலவையை நொடியில் சொல்லும் கை எக்ஸ்ரே கருவியும் இருக்கட்டும். காந்தம் ஒட்டாத, பளபளக்கும் உருக்கு தனிக் குவியல். மஞ்சள், ஆரஞ்சு பழைய பெயிண்ட் உள்ளது தனிக் குவியல். எண்ணெய்த் தொட்டி, கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் சிலிண்டர் வடித்துத் துடைத்த பிறகே அடுத்த இடம். சீட், ரப்பர், வயர் கழற்றாமல் எதுவும் டார்ச்சுக்குப் போகக் கூடாது. இந்தப் பிரிப்புக்குக் கூலி மட்டும்தான் செலவு. நாற்றத்தின் ஒரு நல்ல பங்கு இங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, வெட்டாமலே வெட்டுவது. ஹைட்ராலிக் கத்தரி எக்ஸ்கவேட்டர் கையில் மாட்டக்கூடியது, தரையில் நிற்கும் முதலைவாய்க் கத்தரியும் உண்டு. புகை கிடையாது, ஆக்சிஜன் செலவு கிடையாது. விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் தினமும் டார்ச் பிடிக்கும் களத்தில் சிலிண்டர் செலவையும் ஆள் செலவையும் கூட்டிப் பார்த்தால் கத்தரி தன் விலையை மீட்டுத் தர வாய்ப்பு அதிகம். கத்தரிக்கு அடங்காத கனத் துண்டுகளுக்கு மட்டும் டார்ச் என்று வைத்துக்கொண்டால், டார்ச் எரியும் நேரம் சுருங்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு என் தேர்வு கத்தரியும் ரம்பமும்தான். குடியிருப்பு அருகில் அதற்கு டார்ச்சோ பிளாஸ்மாவோ திறந்தவெளியில் கூடவே கூடாது.

டார்ச் தேவைப்படும் துண்டில், வெட்டுக்கோட்டின் இருபுறமும் பெயிண்டை எடுக்க வேண்டும். அமெரிக்கக் கட்டுமான விதிகளில் மூடிய இடங்களுக்கு நச்சுப் பூச்சை 4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 100 மில்லி, உரித்தெடுக்கச் சொல்லும் ஒரு விதி உண்டு. திறந்தவெளிக்கு அது கட்டாயமில்லை என்றாலும் நல்ல அளவுகோல். பவர் கருவியால் உரித்தால் தூசு கிளம்பும். ஈயப் பெயிண்ட் என்றால் உறிஞ்சி பொருத்திய கருவியோ, ரசாயன உரிப்பானோ வேண்டும். அங்கே ஒன்று கவனம்: குளோரின் சேர்ந்த கரைப்பான் மிச்சம் இருக்கும் தகட்டில் ஆர்க் அடித்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகலாம்.

டார்ச் பிடிக்கும் கைக்கும் புகையில் பங்குண்டு. தகட்டின் கனத்துக்குப் பொருந்தாத பெரிய நாசில், தேவைக்கு மேல் திறந்த ஆக்சிஜன் ரெகுலேட்டர், அடைபட்ட துளை இவையெல்லாம் வெட்டை அகலமாக்கிப் புகையைக் கூட்டும். நாசில் துளையை ஊசி விட்டுச் சுத்தம் செய்து, சுடரின் நடுக் கூம்பு கூர்மையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது ஒரு நிமிட வேலை.

இதற்கெல்லாம் பிறகுதான் உறிஞ்சுதல். அப்போதும் திறந்தவெளியை முதலில் திறந்தவெளியாக இல்லாமல் செய்ய வேண்டும்: கூரையும் மூன்று சுவரும் உள்ள ஒரு கொட்டகை, நான்காவது பக்கம் கிரேன் கையோ ஃபோர்க்லிஃப்டோ நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பு. உள்ளே பின்சுவரிலோ தரைக் கம்பிச் சட்டத்தின் அடியிலோ உறிஞ்சும் வாய்கள். புகை, முதலில் தீப்பொறி நிறுத்தியைக் கடந்து, பிறகு கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்கோ பை ஃபில்டருக்கோ போகும். தீப்பொறி நிறுத்தியை மிச்சம் பிடிப்பவர்கள் ஃபில்டரையே எரித்துவிடுவார்கள். எண்ணெய் கலந்த புகை ஃபில்டர் துணியில் பசைபோல் ஒட்டி அடைக்கும். மேலே சொன்ன துடைப்பு வேலை இங்கே இரண்டாவது முறை பலன் தருகிறது.

ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும், நாற்றம் வாயுவாகக் கடந்துபோய்விடும். அதற்கு ஆக்டிவேட்டட் கரி அடுக்கு சேர்ப்பார்கள். ஆனால் ஃபார்மால்டிஹைடு போன்ற சிறு மூலக்கூறுகளைச் சாதாரணக் கரி சரியாகப் பிடிக்காது, ஹூஸ்டன்போல ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் கரியின் திறன் இன்னும் குறையும். நாற்றத்தை எரிவதற்கு முன் எடுக்கும் வேலைதான் கடைசிவரை நம்பக்கூடியது.

காற்றும் கடிகாரமும்

வேலியிலிருந்து தள்ளிப் போவது எவ்வளவு உதவும் என்பதற்கு ஹூஸ்டனிலேயே பதில் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளி, நகர சுகாதாரத் துறை, ஏர் அலையன்ஸ் ஹூஸ்டன் என்ற குடிமக்கள் அமைப்பு, உலோக மறுசுழற்சித் தொழில்துறையினர் நால்வரும் சேர்ந்து, எலைன் சைமன்ஸ்கி தலைமையில், நான்கு களங்களை ஒட்டிய குடியிருப்புகளில் பின்னர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வேலியோரத்தில் இருந்த உலோகச் செறிவு 100 மீட்டருக்குள்ளேயே பாதிக்கு மேல் இறங்கியது. சில நூறு மீட்டர் தாண்டியபோது ஊரின் மற்ற இடங்களில் உள்ள அளவை நெருங்கியது. வெட்டும் இடத்தை வேலியோரத்திலிருந்து களத்தின் எதிர்க்கோடிக்கு மாற்றுவதே ஒரு கட்டுப்பாட்டு முறை என்று இதிலிருந்து தெரிகிறது.

இந்த முயற்சி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், களத்துக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் மேசையில் உட்கார வைத்தது. அவர்கள் தாமாக முன்வந்து செய்யும் மாற்றங்களை வைத்தே திட்டம் போட்டார்கள். இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது: விருப்பத்தின் பேரில் சேர்ந்தவர், விருப்பம் மாறினால் விலகலாம். மேசைக்கே வராத களங்களுக்கு 101.4 போன்ற விதியும் அதை அமல்படுத்தும் ஆளும் தேவைப்படுகிறது.

காற்றின் திசையைப் பார்த்து வேலை செய்வது செலவே இல்லாத வழி. ஹூஸ்டனில் கோடையில் பெரும்பாலும் வளைகுடாப் பக்கமிருந்து தெற்கு, தென்கிழக்குக் காற்று. வீடுகள் வடக்கே இருந்தால் அந்த மாதங்களில் புகை நேரே அங்கேதான் போகும். ஒரு கம்பத்தில் காற்றுப்பை கட்டி, வீடுகள் பக்கம் அது நீண்டால் டார்ச்சை அணைத்துவிட்டுப் பிரிப்பு வேலை, கத்தரி வேலை பார்க்கலாம். அதிகாலையும் மோசமான நேரம். தரையருகே குளிர்ந்த காற்று மேல்காற்றுக்கு அடியில் சிக்கிக் கிடப்பதால் புகை மேலே ஏறாமல் தெருவோடு தவழும். வெயில் ஏறித் தரை சூடான பிறகு தொடங்கினால் அதே வெட்டு அதிகம் கலைந்து போகும். வெயில் ஏறுவதற்கு முன் வேலை முடிக்க நினைக்கும் தொழிலாளிக்கு இது சிரமம்தான். நிழற்கூரையும் தண்ணீரும் ஓய்வும் சேர்த்துக் கொடுக்காமல் இந்த நேரமாற்றத்தைச் சுமத்தக் கூடாது.

அப்புறம் தொழிலாளி. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வெல்டிங் புகையை முழுதாகவே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. அதைத் தொடர்ந்து 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகம், வெளியே வெல்டிங் செய்பவருக்குச் சுவாசக் கவசம் வேண்டும், மென்னுருக்காக இருந்தாலும் சரி, கொஞ்ச நேர வேலையாக இருந்தாலும் சரி என்று தெளிவாகச் சொன்னது. வெட்டுபவரின் முகம் வெட்டிலிருந்து அரை மீட்டரில் இருக்கிறது. கைக்குட்டையும் துணி முகமூடியும் இந்தத் துகளைத் தடுக்காது. முகத்தில் இறுகப் பொருந்தும், நுண்துகளை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும் பி100 தர ஃபில்டர் கவசம், தாடி வைத்தவருக்கு விசிறி பொருத்திய தலைக்கவசம் என்று ஆளுக்கு ஆள் பார்த்து வாங்க வேண்டும். பெயிண்ட் எரியும் வேலை என்றால் வாயுவுக்கான கரி அடுக்கும் அதில் சேர வேண்டும்.

கண்காணிக்க எளிய வழியும் உண்டு. களத்தில் ஒரு நோட்டு: எந்த மணியிலிருந்து எந்த மணி வரை டார்ச் எரிந்தது, என்ன சரக்கு, பெயிண்ட் இருந்ததா, காற்று எந்தப் பக்கம். அக்கம்பக்கத்தில் இன்னொரு நோட்டு: எத்தனை மணிக்கு வாடை வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, ரப்பர் வாடையா, பெயிண்ட் வாடையா, கண் எரிந்ததா. மாதம் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்தச் சரக்கு, எந்த நேரம், எந்தக் காற்று என்று பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டலாம். வேலியோரக் காற்று மாதிரியை அந்த நாட்களில் எடுத்தால் அதற்குச் செலவாகும் பணமும் வீண்போகாது.